தனி ஆளாக வெப் டிசைன் தொழில்: தினசரி சாஃப்ட்வேர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சிறிய அளவில் வெப் டிசைன் தொழில் செய்கிறேன். ஜவுளிக்கடை, கிரைண்டர் கம்பெனி, கல்யாண மண்டபம், பல் மருத்துவமனை என்று பெரும்பாலும் உள்ளூர் வாடிக்கையாளர்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். டிசைன் சாஃப்ட்வேர்களைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் தொழிலைத் தாங்கிப் பிடிப்பவை கடவுச்சொல், பேக்கப், பில், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) என்று யாரும் பெரிதாகப் பேசாத விஷயங்கள். அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தொழில் தொடங்கப் போகிறேன். முதலில் எந்த சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். முதல் மூன்று நான்கு வேலைகளைக் காசு கொடுக்காமலே முடிக்கலாம். கோடு (நிரல்) எழுத விஎஸ் கோடு, டிசைனுக்கு ஃபிக்மாவின் இலவசக் கணக்கு, படங்களுக்கு கிம்ப், லோகோ வேலைக்கு இங்க்ஸ்கேப், கொட்டேஷன் அடிக்க லிப்ரே ஆஃபீஸ், பில் போட ஸோஹோ இன்வாய்ஸ், கடவுச்சொற்களுக்கு பிட்வார்டன். இத்தனையும் இலவசம். கையில் இருக்கிற பணத்தை 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு யுபிஎஸ் ஆகியவற்றில் போடுங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், எந்த வேலை உங்களைத் தினமும் தாமதப்படுத்துகிறதோ அதற்கான சாஃப்ட்வேரை வாங்குங்கள். அது எது என்பது ஆறு மாதம் வேலை பார்த்த பிறகுதான் தெரியும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஐந்தாறு கடவுச்சொல் வருகிறது. எக்செல் ஃபைலில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சின்னத் தளத்துக்கு எத்தனை சாவி என்று எண்ணிப் பாருங்கள். டொமைன் வாங்கிய கணக்கு, தளத்தின் ஃபைல்களை வைக்கும் ஹோஸ்டிங் கணக்கு, அதை நிர்வகிக்கும் சி-பேனல், டேட்டாபேஸ், தளத்தின் உள்ளடக்கத்தை மாற்றும் வேர்ட்பிரஸ் அட்மின், கூகுள் பிசினஸ் புரொஃபைல், மின்னஞ்சல், பேமென்ட் கேட்வே. இருபது வாடிக்கையாளர் சேர்ந்தால் நூற்றைம்பதைத் தாண்டிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை, கடைசியில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வைக்கிற பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஒரு தளம் உடைந்தால் எல்லாத் தளமும் திறந்துகொள்ளும்.

பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு நீண்ட வாசகம். மற்றவற்றை அதுவே உருவாக்கி, பூட்டி வைத்து, தேவைப்படும்போது நிரப்பும். கணினியிலும் போனிலும் ஒன்றாகவே இருக்கும். இணையத்தில் வைக்க மனம் வரவில்லையா, கீபாஸ்எக்ஸ்சி பயன்படுத்துங்கள். அதில் எல்லாம் ஒரே பூட்டிய ஃபைலாக உங்கள் கணினியிலேயே இருக்கும், பேக்கப் எடுப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

வாடிக்கையாளர் பெயரில் ஒவ்வொரு ஃபோல்டர் போடுங்கள். அதிலேயே டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது என்பதையும் குறித்து வையுங்கள். இரவு 10 மணிக்குத் தளம் நின்றுபோனால், ஓடிபி கடையின் பழைய மேனேஜர் நம்பருக்குப் போகிறது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது அப்போதுதான் தெரியவரும். கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். பிட்வார்டனில் ‘சென்ட்’ என்று ஒரு வசதி உண்டு, குறிப்பிட்ட நேரத்தில் அழிந்துபோகும் இணைப்பாக அனுப்பலாம்.

போட்டோஷாப்பா, ஃபிக்மாவா?

வலைத்தளத்தின் பக்க அமைப்பை வரைய ஃபிக்மா. புகைப்படத்தைத் திருத்த போட்டோஷாப், அல்லது கிம்ப். ஒரு காலத்தில் முழுப் பக்கத்தையும் போட்டோஷாப்பில் வரைந்து, துண்டு துண்டாக வெட்டி, எச்டிஎம்எல்லில் ஒட்டினோம். போன் திரை ஒரு அகலம், லேப்டாப் ஒரு அகலம் என்று ஆன பிறகு அந்த முறை ஓடவில்லை. 2016-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஃபிக்மா, பிரவுசரிலேயே ஓடுவதாலும் வாடிக்கையாளருக்கு ஒரு இணைப்பை மட்டும் அனுப்பினால் போதும் என்பதாலும் வேகமாகப் பரவியது. ‘ஆட்டோ லேஅவுட்’ என்ற ஒரு வசதியை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் எப்படி நடந்துகொள்கிறதோ ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்ளும், அதனால் வரைந்ததைக் கோடாக்குவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. ஃபிக்மா ஃபைலைக் கணினியில் சேமிக்க முடியும், ஆனால் அதைத் திறக்க மறுபடி ஃபிக்மாவுக்குத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் பக்கங்களை பிடிஎஃப் ஆகவும், ஐகான்களையும் லோகோவையும் எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவம்) ஆகவும் ஏற்றுமதி செய்து உங்கள் ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். முழுக்க ஓப்பன் சோர்ஸாக வேண்டும் என்பவர்கள் பென்பாட்டைப் பாருங்கள்.

கிராக் போட்ட போட்டோஷாப் எல்லோரும்தானே வைத்திருக்கிறார்கள்?

வைத்திருக்கிறார்கள். அடோபி 2013-ல் மாதச் சந்தா முறைக்கு மாறியதிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தொழிலை மட்டும் பார்த்தாலும் இது பெரிய ஆபத்து. கிராக் ஃபைலை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களும் நிறுத்துவீர்கள். அதோடு ஒட்டி வரும் திருட்டு நிரல்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், சர்வருக்கு ஃபைல் அனுப்பும் ஃபைல்ஸில்லாவில் சேமித்த சர்வர் விவரங்களையும் அள்ளிக்கொண்டு போகும். சில நாளில் உங்கள் வாடிக்கையாளரின் தளத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடும்.

காசு கொடுத்து வாங்காமல் எடுத்த ‘நல்டு’ வேர்ட்பிரஸ் தீம்களுக்கும் இதே கதைதான். 2025 அக்டோபரிலிருந்து, போட்டோஷாப்புக்கு மாற்றான அஃபினிட்டி முழுவதும் இலவசமாகிவிட்டது. போட்டோபீ பிரவுசரிலேயே போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கிறது. கிம்ப் 3.0 வெளிவந்துவிட்டது. கிராக் போடுவதற்கு இப்போது காரணமே இல்லை.

வாடிக்கையாளர் லோகோவை கோரல் டிரா ஃபைலாகத் தருகிறார். என்ன செய்வது?

நம் ஊரில் லோகோ பிறப்பது பிரஸ்ஸில்தான், விசிட்டிங் கார்டு அடித்த இடத்தில். அங்கே கோரல் டிராதான் ராஜா. முதலில் அந்த பிரஸ்ஸுக்கே போன் போட்டு, எழுத்தையெல்லாம் ‘கர்வ்’ (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவம்) ஆக மாற்றி எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகக் கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள். ஃபைல் மட்டும்தான் இருக்கிறது என்றால் இங்க்ஸ்கேப்பில் திறந்து பாருங்கள், பல ஃபைல்கள் திறக்கும். எழுத்துரு மாறிப்போயிருக்கிறதா, வண்ணம் மங்கியிருக்கிறதா என்று பழைய கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அச்சுக்கான சிஎம்ஒய்கே வண்ணம் திரைக்கு வரும்போது வேறாகத் தெரியும், அதை வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

லோகோவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கோடு எழுத எது நல்லது? டிரீம்வீவர் கற்றுக்கொள்ளவா?

விஎஸ் கோடு போதும். டிரீம்வீவர் இப்போது தேவையில்லை.

தமிழில் தளம் செய்யும்போது ஏன் இத்தனை தொல்லை வருகிறது?

தொல்லையில் பாதி, உள்ளடக்கம் வருகிற வழியில் இருக்கிறது. வாடிக்கையாளர் தரும் வேர்ட் ஃபைலைத் திறந்தால் அழகான தமிழ் தெரியும். அதை வேர்ட்பிரஸ்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்கும். அது பாமினி அல்லது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தி வைத்தவை. எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது இணையத்தில் கிடைக்கும் பொங்குதமிழ் மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு எண்கள், மேற்கோள் குறிகள், மின்னஞ்சல் முகவரிகள் ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அவற்றையும் சேர்த்து மாற்றித் தொலைத்திருக்கும்.

மறுபாதி, டிசைனில் இருக்கிறது. சில சாஃப்ட்வேர்களில் ‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு தன் இடத்துக்குப் போகாமல் ககரத்துக்குப் பின்னால் நிற்கும். போட்டோஷாப்பில் இப்படி வந்தால் அமைப்புகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கி, புதிய ஃபைல் திறந்து அடியுங்கள். கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் இந்தப் பிரச்சினை வருவதில்லை.

அகலத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லுக்காக வரைந்த பொத்தானில் ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று போட்டுப் பாருங்கள். 360 பிக்சல் அகலமுள்ள போனில் பொத்தானை விட்டு வெளியே வழியும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காமல் இருபுறமும் பேடிங் (உள் இடைவெளி) மட்டும் கொடுங்கள், நீளமான சொற்களை மடிக்கும் சிஎஸ்எஸ் விதியையும் சேருங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.4 போதும் என்றால் தமிழுக்கு 1.6, 1.7 வேண்டும். இல்லையென்றால் மேல் வரியின் உகரக் கீழ்விலங்கும் கீழ் வரியின் இகர மேல்விலங்கும் இடித்துக்கொள்ளும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிப்பிடுவதையும் விட்டுவிடாதீர்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அது அவசியம்.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபாண்ட்ஸில் தாராளமாக இருக்கிறது. நீண்ட உரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை நன்றாக இருக்கும். தலைப்புக்கு கேட்டமரான், பலூ தம்பி. இவற்றின் உரிமம் தளத்தில் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. எங்கிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்த எழுத்துருவை ஏற்றாதீர்கள்.

தமிழ் தட்டச்சுக்கு?

தமிழ்99. தமிழ்நாடு அரசு 1999-ல் தரமாக அறிவித்த விசைப்பலகை. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும், ‘அப்பா’ அடிக்கும்போது அதன் அருமை தெரியும். விண்டோஸிலும் மேக்கிலும் இப்போது உள்ளேயே வருகிறது. என்எச்எம் ரைட்டர் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். தினமும் அரைமணி நேரம் அடித்தால் ஒரே மாதத்தில் கை பழகிவிடும்.

படங்களை எப்படிச் சுருக்குவது? தளம் மெதுவாகத் திறக்கிறது என்கிறார்கள்.

பெரும்பாலும் படம்தான் காரணம். கடைக்காரர் தன் போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், 5 எம்பி எடையோடு வரும். அதை அப்படியே முகப்பில் போட்டால், கிராமத்தில் இரண்டு புள்ளி சிக்னலில் திறக்கிறவர் பாதியிலேயே போய்விடுவார்.

ஸ்கூஷ் என்ற செயலியை பிரவுசரில் திறந்து படத்தை இழுத்துப் போடுங்கள். படம் எந்த சர்வருக்கும் போகாது, உங்கள் கணினியிலேயே வேலை நடக்கும். அகலத்தை 1600-க்குக் குறையுங்கள், வடிவத்தை வெப்பி (எடை குறைந்த பட வடிவம்) ஆக்குங்கள், தரத்தை 75 அளவில் வையுங்கள். நடுவில் உள்ள கோட்டை இடவலமாக நகர்த்தினால் முன்னும் பின்னும் தெரியும். பட்டுப்புடவை படமாக இருந்தால் ஜரிகைப் பகுதிக்கு அந்தக் கோட்டைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நுணுக்கமான வேலைப்பாடு கலங்கினால் தரத்தை 82, 85 என்று ஏற்றுங்கள். வெற்றுச் சுவரும் வானமும் உள்ள படம் 60-லேயே நன்றாக இருக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

வேகத்தை அளக்க பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. மதிப்பெண் நூறு வாங்குவதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த 2.5 விநாடியைப் பிடித்தால் போதும்.

எத்தனை பிரவுசரில் சோதிக்க வேண்டும்?

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஐபோனின் சஃபாரி. இவை மூன்றும் வெவ்வேறு எஞ்சின்கள். எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாம் உள்ளே குரோமின் எஞ்சினையே வைத்திருப்பவை. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் போன் திரையைப் போலக் காட்டிப் பார்ப்பது ஆரம்பச் சோதனை மட்டுமே. விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்கள் அதைப் போன்ற போனில்தான் வருகிறார்கள். விரலால் மெனுவைத் தட்டிப் பாருங்கள், ‘அழைக்க’ பொத்தானைத் தட்டினால் டயலர் திறக்கிறதா என்று பாருங்கள்.

தனியாக வேலை செய்கிறவனுக்கு கிட் எதற்கு?

நேற்று நன்றாக இருந்த தளம் இன்று ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதற்கு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கர்னல் வேலைக்காக எழுதிய, கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி இது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் கோடுக்காகப் பிறந்திருந்தாலும் தனி ஆளுக்கும் அதே அளவு உதவும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று ஃபோல்டர்கள் பெருகுவது நின்றுவிடும். விஎஸ் கோடுக்கு உள்ளேயே கிட் பொத்தான்கள் உண்டு, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். கிட்டில் உள்ள வேலையை கிட்ஹப் என்ற இணையதளத்தில் வைக்கும்போது களஞ்சியத்தை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். கடவுச்சொல் உள்ள அமைப்பு ஃபைல்களை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பிறகு அழித்தாலும் வரலாற்றில் நிற்கும்.

சர்வருக்கு ஃபைல் அனுப்ப ஃபைல்ஸில்லா சரிதானே?

சரிதான். சாதா எஃப்டிபி வேண்டாம், எஸ்எஃப்டிபி தேர்ந்தெடுங்கள். எஃப்டிபியில் கடவுச்சொல் பூட்டாமலே வழியில் போகிறது. ஃபைல்ஸில்லா அமைப்புகளில் மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள்.

டொமைனை என் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் வேறிடம் போக மாட்டார் என்கிறார்களே?

இந்தப் பழக்கத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். டொமைன் கடையின் சொத்து. கடைக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், முடிந்தால் அவருடைய கார்டிலேயே வாங்குங்கள். உங்களுக்கு நிர்வாக அனுமதி மட்டும் போதும். வாடிக்கையாளர் தங்குவது உங்கள் வேலையால் இருக்கட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் பெயரில் முப்பது டொமைன் இருந்து, அதில் ஒன்று புதுப்பிக்காமல் விட்டுப்போனால் பழி உங்கள் மேல்தான். டாட் காம் டொமைன் காலாவதியானதும் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்க வாய்ப்பு இருக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பலமடங்கு. அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதற்குத் தேவையான சாஃப்ட்வேர் கூகுள் காலண்டர் மட்டுமே. ஒவ்வொரு டொமைனுக்கும் ஆண்டுதோறும் திரும்பி வரும் நினைவூட்டல் போட்டு, 30 நாள் முன்பும் 7 நாள் முன்பும் அறிவிப்பு வரச் செய்யுங்கள்.

ஹோஸ்டிங் மாற்றும்போது ஒரு விஷயம். டிஎன்எஸ் பதிவுகள் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) முழுவதையும் மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளம் புது சர்வரில் நன்றாகத் திறக்கும். ஆனால் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை நகலெடுக்க மறந்தால் கம்பெனிக்கு ஆர்டர் மெயில் எதுவும் வராது. மெயில் வரவில்லை என்பது யாருக்கும் உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. முந்தைய நாளே டிடிஎல் மதிப்பை (பழைய பதிவு எவ்வளவு நேரம் நினைவில் நிற்கும் என்பது) 300 விநாடிக்குக் குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும், தவறானாலும் சீக்கிரம் திருப்பலாம்.

பேக்கப் ஹோஸ்டிங் கம்பெனியே எடுக்கிறதே?

எடுக்கலாம். அதே சர்வரில் வைத்திருந்தால் சர்வரோடு அதுவும் போகும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி, இன்றும் அதுதான் விதி. வேர்ட்பிரஸ் தளத்துக்கு அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகின் மூலம் வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்கு அனுப்புங்கள். கடைத்தளம் என்றால் டேட்டாபேஸை மட்டுமாவது தினமும். உங்கள் கணினியில் உள்ள வேலை ஃபோல்டர் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகலாக இருக்கட்டும். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) அதையும் பூட்டும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு தளத்தின் பேக்கப்பை உங்கள் கணினியில் ‘லோக்கல்’ அல்லது எக்ஸ்ஏஎம்பிபி மூலம் விரித்துத் திறந்து பாருங்கள். படங்கள் வருகின்றனவா, தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேள்விக்குறி வந்தால் டேட்டாபேஸின் எழுத்துக்குறியாக்கம் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

பில், ஜிஎஸ்டி எல்லாம் எதில் பார்ப்பது?

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நம்மைப் போன்ற சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. பதிவு செய்த பிறகு 18 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் என்றால் மத்திய வரி 9, மாநில வரி 9. கேரள வாடிக்கையாளர் என்றால் ஐஜிஎஸ்டி 18. டிசைன், டெவலப்மென்ட் சேவைக்கு எஸ்ஏசி குறியீடு (ஜிஎஸ்டியில் சேவையின் வகையைக் காட்டும் எண்) 998314. ஹோஸ்டிங்குக்கு 998315.

ஸோஹோ இன்வாய்ஸ் இவற்றைத் தானாகப் பிரித்துப் போடும். கொட்டேஷன் அனுப்பி, அவர் ஒப்புக்கொண்டதும் அதையே பில்லாக மாற்றலாம். உங்கள் ஆடிட்டர் டேலி பயன்படுத்துகிறார் என்றால் மாதம் ஒருமுறை எக்செல்லாக ஏற்றுமதி செய்து கொடுத்தால் போதும், நீங்களும் டேலி வாங்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் கம்பெனியாக இருந்தால் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். பிடித்ததை உங்கள் பான் கணக்கில் கட்டியிருக்கிறாரா என்று வருமானவரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வாங்க யுபிஐ போதும். தளத்தில் கார்டு வாங்க வேண்டும் என்றால்தான் பேமென்ட் கேட்வே.

முன்பணம் வாங்காமல் வேலை தொடங்காதீர்கள். பாதி முன்பணம், கால் பங்கு டிசைன் ஒப்புதலில், மீதி தளம் திறக்கும் முன் என்று கொட்டேஷனிலேயே அச்சாகியிருக்கட்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு பில் சாஃப்ட்வேரின் தானியங்கி நினைவூட்டல் பெரிய உதவி.

வாட்ஸ்அப்பிலேயே எல்லா வேலையும் நடக்கிறது. தவறா?

தவறில்லை, அதில்லாமல் நம் ஊரில் தொழில் நடக்காது. வாட்ஸ்அப் பிசினஸ் நிறுவி, வாடிக்கையாளர்களுக்கு ‘முன்பணம் வந்தது’, ‘படம் வரணும்’, ‘பாக்கி’ என்று லேபிள் போடுங்கள். ஆனால் நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜில் வந்த திருத்தங்களை அப்படியே நம்பி வேலை செய்யாதீர்கள். கேட்டு, எண் போட்டு எழுதி, “சார், இந்த ஆறு மாற்றம்தானே? சரி என்றால் தொடங்குகிறேன்” என்று மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஒரு மெயில் பின்னால் வரும் பல வாக்குவாதங்களைத் தடுக்கும்.

ஏஐ வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு?

சாட்ஜிபிடி, கிளாட், கோபைலட் போன்றவை சிஎஸ்எஸ் பிழையைக் கண்டுபிடிக்கவும், ஒரேமாதிரி கோடை விரைவாக எழுதவும் நன்றாக உதவுகின்றன. பயன்படுத்துங்கள். வாடிக்கையாளரின் கடவுச்சொல், அவர்களுடைய ஆர்டர் பட்டியல் ஆகியவற்றை அதில் ஒட்டாதீர்கள். அது எழுதும் தமிழை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைக்காரர் பேசாத தமிழாக இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

கையில் இருப்பதே போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்ன இலவச சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும்.

நம்பியிருக்கிற ஆப் ஒருநாள் மூடப்பட்டால்?

மூடப்படும். நம் தொழிலில் அது வழக்கம். வலைப்படங்களுக்கென்றே இருந்த ஃபயர்வொர்க்ஸின் வளர்ச்சியை அடோபி 2013-ல் நிறுத்தியது. தளங்களில் அசையும் படம் காட்டிய ஃப்ளாஷ் 2020 கடைசியில் போனது. கோடு எழுதும் ‘ஆட்டம்’ எடிட்டர் 2022 டிசம்பரில் முடிந்தது. டிசைன் காட்ட உலகமே பயன்படுத்திய இன்விஷன் 2024 கடைசியில் கதவைச் சாத்தியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச வைத்திருந்த ஸ்கைப் 2025 மே மாதம் நின்றது. ஃபிக்மாவையே 2000 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2022-ல் அறிவித்து, ஐரோப்பிய, பிரிட்டன் கட்டுப்பாட்டு அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது.

எனவே புதிய ஆப் எதையும் எடுக்கும் முன் ஏற்றுமதிப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். எச்டிஎம்எல், எஸ்விஜி, பிடிஎஃப், சிஎஸ்வி ஆகிய நான்கும் எந்த ஒரு கம்பெனிக்கும் கட்டுப்பட்டவை இல்லை. என் வேலை இந்த நான்கில் ஏதாவது ஒன்றாக வெளியே வருமா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைக் கொடுப்பேன்.

தனி ஆள்தான் நான். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வாடிக்கையாளர் தளங்கள் என்னாவது?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பிட்வார்டனின் கட்டணக் கணக்கில் அவசர அணுகல் என்று ஒரு வசதி இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைக் குறிப்பிட்டு, காத்திருப்பு நாட்களையும் நீங்களே வைக்கலாம். அவர் விண்ணப்பித்து, அந்த நாட்களுக்குள் நீங்கள் மறுக்கவில்லை என்றால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். அந்த ஒருவர் கணினி தெரிந்தவராக இருந்தால் நல்லது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால், இதே தொழில் செய்யும் நண்பர் ஒருவரோடு பேசி, அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அதோடு ஒரே ஒரு தாள். எந்தெந்த வாடிக்கையாளர், யாரிடம் பேச வேண்டும், எந்த மாதம் எது புதுப்பிக்க வேண்டும், யார் எவ்வளவு பாக்கி. கடவுச்சொல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வருஷம் ஒருமுறை புதிதாக அச்சடித்து, பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுங்கள்.